ஃப்ரீடா அன்ரியின் கராஜில் இருந்த தொட்டில்

என் வீட்டுக்காரிக்கு,

நேரில் சொன்னால் திட்டுவாய், தையல் போட்ட வயிறு நோகும். அதனால் எழுதித் தருகிறேன்.

"பிறக்க முதல் ஒண்டும் வாங்காதேங்கோ" என்று நீ சொல்லியும், ஐந்தாம் மாதமே களவாக ஒரு தொட்டில் வாங்கினேன். பெட்டியோடு வந்து இறங்கியபோது பக்கத்து வீட்டு ஃப்ரீடா அன்ரி மறித்துவிட்டார்.

"பிள்ளை வர முதல் தொட்டில் வீட்டுக்குள்ள வரக்கூடாது, மடையா! எங்கட யூத ஆக்களின்ர வழக்கம். என்ர கராஜில வை."

ஊருக்கெல்லாம் பகுத்தறிவு பேசுகிற நான் பெட்டியை அங்கேயே கொண்டுபோய் வைத்தேன். போனமுறை நீ ஆஸ்பத்திரியில் கிடக்க, நான் தனியே கழற்றிய தொட்டிலைப் பற்றி நாம் இன்னும் பேசியதில்லை. இப்போதும் வேண்டாம்.

எங்கள் பெட்டிக்காக அன்ரி நான்கு மாதம் தன் காரை மெல்பேர்ன் மழையில் விட்டார். இன்று அவரே பெட்டியை இழுத்துவந்து, "பிள்ளை எப்பிடி?" என்றார்.

"அவ்வளவு வடிவில்லை, அன்ரி. என்னைப் போல."

"கெட்டிக்காரன்! கண் படாமல் கதைக்கப் பழகிட்டாய்" என்று மெச்சி, மூன்று தரம் "தூ, தூ, தூ" என்றார். ஒன்று என் கண்ணாடியில் விழுந்தது. அதைத் துடைக்கும் சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டேன். அந்த மனுஷிக்கு எப்படி நன்றி சொல்வது?

துண்டுகளைச் சேர்த்துத் தொட்டிலைப் பூட்டிவிட்டேன். ஒரு ஸ்குரூ மிஞ்சிவிட்டது, அது எங்கே போகவேண்டியது என்று தேடுகிறேன். வந்து ஆசைதீரத் திட்டு. இந்தமுறை இரண்டு பேராக வருகிறீர்கள்.

வாசலைப் பார்த்தபடி,
மகளின் அப்பா