பெங்களூரிலிருந்து ஒரு ‘நில்லுங்க’

ஐப்பசி 12, செவ்வாய்.

தென்காசியில் சர்வீஸுக்குக் கொடுத்திருந்த டீசல் பம்பை இன்று கிணற்று எஞ்சினில் மாட்டினேன். எஞ்சினுக்குள் டீசல் சரியான நேரத்தில் பாய்கிறதா என்று டைமிங் பார்க்க எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு பேர், நானும் என் மனைவியும். நான் வீலை மெல்ல உருட்டுவேன். பம்பின் மேல்வாயில் டீசல் அசைந்ததும் செல்வி “நில்லுங்க” என்பாள். வீலில் உள்ள கோடு அப்போது எஞ்சினில் உள்ள குறிக்கு நேராக நிற்க வேண்டும்.

சாரல் காலத்தில் பேரனைப் பார்த்துக்கொள்ள பெங்களூர் போனவள் இன்னும் வரவில்லை. வீடியோ காலில் கூப்பிட்டு, போனைப் பம்புக்கு எதிரே சாய்த்துவைத்து உருட்டினேன். “நில்லுங்க!” என்றாள். கோடு தாண்டியிருந்தது. டீசல் லேட்டாக வருகிறது என்று நினைத்து, அது முந்தி வரட்டும் என்று பம்புக்கு அடியிலிருந்து ஒரு தகட்டை எடுத்துவிட்டேன். ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் சுத்தியலால் அடிப்பதுபோல் தட்டுகிறது. லேட்டாக வந்தது டீசல் இல்லை, அவள் குரல்.

“அங்கன சிக்னல் சரியில்ல. பக்கத்து வயக்காரரக் கூப்பிடுங்களேன்.”

“அவருக்கு வேல கெடக்கும்.”

கொஞ்சம் உருட்டி, எட்டிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் உருட்டினால் ஒரு ஆளே டைமிங் வைத்துவிடலாம். அவளுக்கும் அது தெரியும்.

“சரி, நாளைக்கு வெள்ளன கூப்பிடுங்க. பாத்துச் சொல்லுதேன்” என்றாள்.

எஞ்சினை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.