அப்பா பெயரில் வந்த ஷாக் அப்சார்பர்

அன்பு மகன் சைமோனேவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் கோழிகளும் சுகமாக இருக்கிறோம், முட்டைகள்தான் போன வாரம் வரைக்கும் சுகமில்லாமல் கிடந்தன, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆக்லாந்தில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, அந்தக் குளிர்க்கிடங்கில் வேலை முடிந்து வெளியே வரும்போது காதை மூடிக்கொள்கிறாயா. போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவர் காதில் விழும்படி அவருடைய அக்காவைப் பற்றி நான் வாயைத் திறக்க முடியுமா. போதகர் மனைவி உங்கள் ஊருக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் இதை எழுதி, உறையை ஒட்டி அவள் பையில் போடுகிறேன். ஒட்டியது பிரிந்திருந்தால் எனக்குச் சொல். ஞாயிற்றுக்கிழமையே எழுத உட்கார்ந்தேன், ஓய்வுநாளில் இதையெல்லாம் எழுதக் கூடாது என்று மூடி வைத்தேன். இன்றைக்குத் திங்கட்கிழமை, கோபம் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை.

நீ அனுப்பிய பெட்டி வந்தது என்று அப்பா சொன்னார் அல்லவா. மாட்டியாகிவிட்டது என்றும் சொல்லியிருப்பார். மாட்டியது உண்மைதான், யார் வண்டியில் என்று சொன்னாரா? துறைமுகத்தில் இருந்து எடுத்துக்கொண்டு நேராகப் பெனியின் பட்டறைக்குத்தான் போனோம். பெனி பெட்டியைப் பிரித்து நான்கு ஷாக் அப்சார்பரையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "பையன் விவரமானவன்தான் அக்கா, அளவு கச்சிதமா இருக்கு. அவனவன் வாய்க்கு வந்தத வாங்கிட்டு வந்து மாட்டு மாட்டுன்னு என் உயிர எடுக்குறான்" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தி, எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்த பழையதையெல்லாம் கழற்றிப் போட்டான். புதியவை பளபளவென்று சாக்கின் மேல் கிடந்தன. அந்த நேரம் பார்த்து உன் லாவினியா அத்தை வந்து இறங்கினாள், கூடவே அவள் அருமை மகன் கித்தியோனே. பட்டறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாள். "தம்பி, நம்ம சைமோனே உனக்கு அனுப்புனதாமே? கித்தியோனே வண்டியும் இதே வண்டிதானே. பாவம், எலும்பெல்லாம் குலுங்குதுங்குறான்" என்றாள். அவ்வளவுதான், கொடு என்றுகூடக் கேட்கவில்லை. உன் அப்பா டயரையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு "எடுத்துக்கங்க அக்கா" என்றார். நான் பெனியைப் பார்த்தேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டே, "நான் மாட்டுற ஆளு மட்டும்தான் அக்கா. எந்த வண்டியில மாட்டணும்கறத நீங்க குடும்பத்துக்குள்ள பேசிக்கங்க" என்றான். குடும்பத்துக்குள் பேச என்ன இருக்கிறது? அவருக்கு அக்கா, உனக்கு அத்தை, கல்யாணமோ சாவோ முதல் பாய் அவளுக்கு, தம்பி பொருளை அவள் கேட்டால் மறுக்கக் கூடாது என்பது நம் ஊர் முறை, இந்த வீட்டில் கர்த்தருக்கு அடுத்தபடி அவள்தான். அந்த ஒழுகல் ஷாக்கையே பெனி நம் வண்டியில் திரும்ப மாட்டினான். கழற்றியதற்கும் கூலி, மாட்டியதற்கும் கூலி.

இதில் உன் மேலும் எனக்குக் கோபம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். படித்த பிள்ளை, இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளை, பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அப்பா பெயரை எழுதுவாயா? ஃபெலேதி என்று எழுதினால் அதற்கு லாவினியா என்றுதானே அர்த்தம். மெலேநைதே என்று என் பெயரை எழுதியிருந்தால் அவள் வந்திருப்பாள், பார்த்திருப்பாள், தொட்டிருப்பாள், ஆனால் தம்பி பெண்டாட்டி பொருளைக் கேட்க அவளுக்கே கூச்சமாக இருந்திருக்கும். அந்த நான்கு சாமான் உனக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாதா. இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரவேண்டிய பயணத்தை விட்டுவிட்டுத்தான் அதை வாங்கினாய். வர முடியவில்லை அம்மா, ஆனால் உன் முட்டை இனி உடையாது என்று சொன்னாய். பிள்ளை வராவிட்டாலும் பிள்ளை அனுப்பியதாவது வண்டிக்கு அடியில் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அதைத்தான் கழற்றிக்கொண்டு போனாள். இப்போது அந்த வண்டியில் போவது யார் தெரியுமா, கித்தியோனேவின் ரக்பி கூட்டம். ஆளுக்கு ஒரு பன்றி எடை இருப்பான்கள், குலுங்கினால் உடைந்தா போய்விடுவான்கள்?

உடைந்தது என் முட்டைதான். நம் கொலோவாயில் இருந்து டவுன் வரைக்கும் இந்த மழைக்குப் பிறகு ரோடு என்று சொல்ல ஒன்றும் இல்லை, பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் கொஞ்சம் தார் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் பின்னால் உட்கார்ந்து முட்டைத் தட்டுகளை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டுதான் போனேன், இறங்கும்போது பாவாடை முழுக்க மஞ்சள் கரு. விடுதிக்காரி லுசியா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள், "இன்னொரு தடவ இப்படி ஒழுகிக்கிட்டு வந்தா நான் கப்பல்ல வர்ற வெளிநாட்டு முட்டையே வாங்கிக்கிறேன் மெலே, கோச்சுக்காத" என்று. அவள் போய்விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள், இந்தக் கோழிகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அப்பாவுக்கு அவர் சேனைத் தோட்டம் இருக்கிறது. எனக்கென்று இருப்பது இந்தக் கோழிகள்தான். அதை அவரிடம் சொன்னால் "அக்காகிட்ட நான் எப்படிப் பேசுறது" என்கிறார். பேச வேண்டாம், குறைந்தபட்சம் மெதுவாகவாவது ஓட்டலாம் அல்லவா.

இனி நடந்ததைக் கேள். புதன்கிழமை கடையில் பெனியைப் பார்த்தேன். அவன் வாய் சும்மா இருக்காதே. "உங்க அண்ணன் மகன் மனாசேவும் இதே சாமான் கொண்டாந்து போட்டிருக்கான் அக்கா. அடுத்த வாரம் மாட்டணும்" என்றான். நான் வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேரே நுகுநுகுவுக்கு, மனாசே வீட்டுக்குப் போனேன். லாவினியா உனக்கு யாரோ, மனாசேவுக்கு நான் அதேதான். பாயை விரித்துக் கொடுத்தான், உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை, கர்த்தர் சாட்சி, முட்டை உடைகிற கதையை மட்டும் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே, "பெனிகிட்ட என்னுது கெடக்கு அத்தை, உங்க வண்டியில மாட்டச் சொல்லிடுறேன். என்னுதுன்னா உங்களுதுதானே" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே அவன் மனைவி சலோட்டே பானைக்கு மூடி போட்டாள். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும் மகனே, லாவினியா வந்துவிட்டுப் போனால் நான் மூடி போடுவதும் அப்படித்தான். மனாசே அந்த வண்டியில் தர்ப்பூசணி ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிறவன், அவள் நிறைமாசமாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து போகிறாள். எனக்குத் தெரிந்தேதான் வாங்கினேன்.

மறுநாளே பெனி அதை நம் வண்டியில் மாட்டிவிட்டான், வெள்ளிக்கிழமை முட்டை கொண்டுபோனோம். ஒன்றுகூட உடையவில்லை. லுசியா தட்டுத் தட்டாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்படியே கொண்டா" என்றாள். எனக்குச் சந்தோஷம் வரவேண்டும் அல்லவா, வரவில்லை, இன்னும் எரிச்சல்தான் வந்தது. சலோட்டேவுக்கு ஒரு தட்டு முட்டை கொடுத்தனுப்பினேன். தட்டைக் கழுவித் துடைத்து, "ரொம்ப நன்றி அத்தை" என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவளுக்கு சிட்னியில் ஒரு தங்கை இருக்கிறாள். இந்நேரம் அவளும் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருப்பாள், அதில் நான் என்னவாக இருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

ஆகையால் சொல்வதைக் கவனமாகக் கேள். அதே அளவில் இன்னொரு செட் வாங்கு, அவசரமில்லை, ஈஸ்டருக்குள் வாங்கினால் போதும். கப்பலில் போடாதே, யாரிடமும் சொல்லாதே, படம் எடுத்து எங்கேயும் போடாதே. பெட்டியின் மேல் சலோட்டே என்று எழுது. மனாசே பெயரை மட்டும் எழுதிவிடாதே, எழுதினால் எனக்கு உரிமை வந்துவிடும், என்னை நம்பாதே. எழுதி, அதை உன் கையிலேயே தூக்கிக்கொண்டு நீ வா. பெட்டியை அனுப்பினது போதும் சைமோனே. பெட்டியைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டிவிடுகிறார்கள், உன்னை அப்படி மாட்ட முடியாது.

கர்த்தர் உன்னை உன் போக்கிலும் வரத்திலும் காப்பாராக, வேலை இடத்தில் உன் கையும் காலும் பத்திரமாக இருக்கட்டும். ஜெபத்தை விடாதே, கம்பளி பனியனை மறக்காதே. வந்து இறங்கினதும் முதலில் லாவினியா அத்தை வீட்டுக்குத்தான் நீ போக வேண்டும், அது எனக்குத் தெரியும், போ, தலையைக் குனிந்து உட்கார்ந்து அவள் போடுவதைச் சாப்பிடு. பிறகு கித்தியோனே அவன் வண்டியில் உன்னை இங்கே கொண்டுவந்து விடுவான். வழி முழுக்கப் பள்ளம்தான், ஆனாலும் உனக்குக் குலுங்காது. அது நீ எனக்கு வாங்கினது.

உன் வரவைப் பார்த்துக்கொண்டு, கோபம் ஆறாத உன் அம்மா,
மெலேநைதே