எச்சரிக்கை எந்த இடத்தில் வரும்

அக்டோபர் 6
இன்றும் கொதிகலன் மென்பொருளின் கையேடுதான். ‘தயவுசெய்து’க்களை வெட்டினேன். ‘செய்யப்பட வேண்டும்’ எல்லாம் ‘செய்யுங்கள்’ ஆயிற்று. எழுதிய இன்ஜினியர் கலோயனுக்கு ஒரே வாக்கியத்தில் மூன்று வேலை சொல்லாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது. கண் எரிகிறது.

அக்டோபர் 8
நான்காம் படி: புது அமைப்புகளை ஏற்றுமுன் பழைய அமைப்புகளை அழிக்கவும். ‘அதற்குமுன் நகல் எடுங்கள்’ என்ற எச்சரிக்கையோ அடுத்த பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில்! மேலே கொண்டுவரலாமா என்று எங்கள் பிரிவுத் தலைவி மிலேனாவிடம் கேட்டேன்.

“குறிப்பெல்லாம் கடைசியிலதான் ஸோர்னிட்சா. அதான் நம்ம நடை விதி. படிக்கிறவங்கள பயமுறுத்தாத.”

பயப்படட்டுமே! ஊர் முழுக்க அடுக்குமாடிகளுக்கு இந்த மென்பொருள் ஓடும் ஒரே கொதிகலன் நிலையத்திலிருந்துதான் சூடு வருகிறது. குளிர்காலத்தில் அது நின்றால்?

அக்டோபர் 9
அலுப்பு. வேறொன்றுமில்லை.

அக்டோபர் 13
மனசு கேட்கவில்லை. கொதிகலன் நிலையத்துக்கே போனேன். இயக்குபவர் ஸ்டாமென் கையேட்டின் முதல் பக்கத்தை மட்டும் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

“மத்த பக்கமா? அதுமேலதான் காபி வெச்சிருக்கேன்” என்றார், வாய் நிறைய பானிட்சா என்ற பாலாடைக்கட்டி அப்பத்தோடு.

பயிற்சித் திரையில், படித்துக்கொண்டே செய்யச் சொன்னேன். நான்காம் படியில் கை நேரே அழிக்கும் பொத்தானுக்குப் போனது.

“நிறுத்துங்க!”

“ஏம்மா கத்துற? எழுதியிருக்கறதத்தானே செய்றேன்?”

அவர் மேல் என்ன தப்பு?

அக்டோபர் 14
மிலேனாவிடம் மறுபடி சொன்னேன். “பல்கேரியன்ல மாத்தினா மத்த மொழிக்காரங்களும் மாத்தணும். உனக்கெதுக்கு இந்த வம்பு?”

எனக்கெதுக்கா? என் வீட்டு ரேடியேட்டரும் அங்கேருந்துதானே சூடாகுது! உன் பொண்ணு படுக்கிற ரூமும்தான் — சொல்லாமல் வந்துவிட்டேன்.

மாலையில், அழிப்பதற்கு முந்தைய படியாக நகலெடுப்பதைச் சேர்த்து, அனுமதியில்லாமலே வெளியிட்டேன். சுவரிலுள்ள பழைய தாளைக் கிழித்துப் புதியதை ஒட்டும்படி ஸ்டாமெனுக்குப் போன் செய்தேன்.

அக்டோபர் 21
கையேட்டைத் திறக்கும் உரிமை எனக்கு இனி இல்லை. விளம்பர மின்னஞ்சல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். சண்டை போடத் தெம்பில்லை.

நவம்பர் 17
முதல் பனி. காலையில் மிலேனாவின் செய்தி: “நேத்து புது அமைப்பு ஓடலையாம். ஸ்டாமென் நகலப் போட்டு உடனே சரிபண்ணிட்டாராம். எங்க வீட்டுல சூடு நிக்கவே இல்ல. பொண்ணு நல்லாத் தூங்கினா.”

கீழே இன்னொரு வரி: “ஆனாலும் நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

கேட்டேனே, மிலேனா.