பராஸ்கா இன்னும் கீழேதான்

அன்பு மகள் யாரினாவுக்கு அம்மா எழுதுவது. இன்று காலை வரை நானும் வீட்டுக் கூரையும் நலம். போர்த்துகல்லில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

கடையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அணை உடைந்து ஆறு விலகிப் போன பிறகு துடுப்பையும் நங்கூரத்தையும் யார் வாங்குவார்கள், குண்டில் உடைந்த ஜன்னலுக்கு அடிக்கிற பலகையும் பிளாஸ்டிக் தாளும்தான் ஓடுகிறது, ஓடுகிறதை விற்கிறேன். நம் பெரெவிஸ் ஊரே அப்படித்தான். அந்த அணையைக் கட்டிய வருஷம் கீழூரைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மேட்டுக்கு ஏறியபோதும் பக்கத்து வீட்டு வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டார்கள், பழைய சண்டைகளையும் சேர்த்து. இறந்தவர்களையும் அவரவரே தோண்டி ஏற்றினார்கள். ஏற்ற முடியாமல் போனவர்களுக்காகத்தான் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு படகில் போய், சாயமிட்ட முட்டையைத் தண்ணீரில் விட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடுவது. சின்ன வயதில் நீயும் கூப்பிட்டிருக்கிறாய். இந்த வருஷம் அங்கே தண்ணீர் இல்லை, இரண்டாள் உயரத்துக்கு வில்லோ மரம் நிற்கிறது. எதிர்க்கரையிலிருந்து ட்ரோன் வரும் என்று பட்டாளத்தார் இறங்க விடவில்லை. கரையில் நின்றே முட்டைகளை எறிந்தோம். அவை முழுகவில்லை, காய்ந்து வெடித்த சேற்றில் சிவப்புச் சிவப்பாகக் கிடந்தன. யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் வீடு திரும்பினோம்.

மறுநாள் பக்கத்து வீட்டுத் திமிஷ் கடைக்குள் வந்து, ஏ எவ்தோகா, ஒங்க அக்கா இன்னும் கீழதான் கெடக்கா என்றான். காலையிலேயே ஊத்திக்கிட்டியா என்று விரட்டினேன். அவன் போகவில்லை. விறகுக்குக் கீழே இறங்கியவன், உன் தாத்தா தன் பட்டறையில் அடித்த இரும்புச் சிலுவையைப் பார்த்திருக்கிறான், பராஸ்கா என்ற பேரோடு. மூன்று வயதில் காய்ச்சலில் போன என் அக்கா. ஊர் ஏறிய குளிர்காலத்தில் நான் தொட்டிலில், திமிஷுக்கு ஒன்பது வயது. ஒங்கப்பா தோண்டத்தான் தோண்டுனாரு, மண்ணு ஒறஞ்சு கெடந்துச்சு, கடப்பாரை எறங்கல, வெறும் மண்ண அள்ளிப் பெட்டியில போட்டு ஆணி அடிச்சாரு, எங்க வீட்டுக்காரிகிட்ட சொல்லிராதடான்னு கையப் புடிச்சாரு, நானும் சொல்லல என்று சொல்லிவிட்டு, மூட்டை மேல் உட்கார்ந்து அழுதான்.

மேட்டுக் கல்லறையில் வருஷா வருஷம் நான் நீலச் சாயம் அடித்த அவள் கம்பி வேலிக்குள் இருப்பது வெறும் மண், யாரினா. அது போகட்டும். அத்தனை வருஷமும் அவள் தலைக்கு மேலேயே படகை நிறுத்தி எல்லார் பேரையும் கூப்பிட்டிருக்கிறேன், அவள் பேரைத் தவிர. மேலே இருக்கிறாள் என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டே இருந்திருப்பாள், தன் முறை வரும் என்று. இப்போது ஜன்னலைச் சாத்தினாலும் அந்த வில்லோக்கள் உரசுவது எனக்குக் கேட்கிறது.

நகராட்சியில் கேட்டேன், சண்டை முடியட்டும், கண்ணிவெடி எடுக்கட்டும் என்கிறார்கள். அணையைத் திரும்பக் கட்டப் போவதாகவும் பேச்சு. தண்ணீர் ஏறிவிட்டால் அப்புறம் யாரைத் தோண்டுவது. கடையில் மிஞ்சிய படகு மோட்டாரைக் கூலியாகத் தருகிறேன் என்று திமிஷிடம் சொன்னேன். ஆறு இல்லாத ஊர்ல மோட்டார வச்சு மீசையா சீவுறது, பக்கத்து வீட்டுப் புள்ளையத் தூக்கியாரக் கூலி வேறயா என்று திட்டினான். அவன் விறகு சுமந்த தடத்திலேயே போகலாம். மூடுபனி விழுகிற முதல் காலையில், ட்ரோன் கண்ணில் படாமல் இறங்குகிறோம்.

நீ எனக்கு இருபதாம் தேதிக்கு எடுத்த பஸ் டிக்கெட்டை அடுத்த மாதத்துக்கு மாற்று. உன்னிடம் வருவேன் என்று சொன்னதை மறக்கவில்லை. ஆனால் மூன்று வயதுக் குழந்தையை இரண்டாம் முறையும் விட்டுவிட்டு என்னால் பஸ் ஏற முடியாது. கடைச் சாவி திமிஷின் மகளிடம் இருக்கும்.

ஆண்டவர் உங்கள் இருவர் மேலும் கை வைத்துக் காக்கட்டும். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. இதைக் கொண்டு வரும் பார்சல் வண்டி உன்னிடம் வந்து சேர ஆறு நாள் ஆகும், அதற்குள் நாங்கள் இறங்கியிருப்போம், நீ தடுக்கக் கூடாதென்றுதான் கடிதமாக எழுதினேன். படித்ததும் எனக்குப் போன் போடு. நான் எடுத்தால், அவளும் மேலே வந்துவிட்டாள்.

உன் அம்மா,
எவ்தோகியா