மாமா பேரில் தோற்ற ஆட்டங்கள்

பெரியண்ணசாமி துணை

அரியூர் நாடு, கொல்லிமலை
ஆனி 26

ஓசூரில் பெரிய செஸ் ஆட்டக்காரனாக இருக்கும் தம்பி இளங்கோவுக்கு அக்கா அம்சவேணி எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா மகள் கோகிலாவும் உயிரோடு இருக்கிறோம். உன் சௌக்கியத்தைக் கேட்க வேண்டியதில்லை. நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே இருக்கிறாய் என்று போனிலேயே தெரிகிறது.

பேசினால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து. மெதுவாகப் படி.

மழை பரவாயில்லை. கிழங்குக் காட்டில் பன்றி இறங்கி இரண்டு பாத்தியைக் கிளறிவிட்டது. கோகிலா பதினொன்றாவது போகிறாள். மிளகைக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். மாசியில் உன் மாமா ஏணியோடு விழுந்த மரத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. யாரோ பறித்துக்கொள்ளட்டும்.

மாமா போனை நான் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருப்பது உனக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை களி கிண்டிக்கொண்டிருந்தேன். அந்தப் போன் சத்தம் போட்டது. அவர் ஆடும் செஸ்ஸில் எதிராளி காய் நகர்த்தினால் மரத்தில் மரம் தட்டுகிற மாதிரி வருமே, அந்தச் சத்தம். துடுப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். எதற்கு ஓடினாய் என்று கேட்காதே. தாலி கழற்றிய கழுத்தோடுதான் ஓடினேன். அவர் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. ஆள் வந்திருக்கிறார் என்று அதற்கு அர்த்தம், அவரே ஒரு தரம் காட்டியிருக்கிறார். அந்த ஒரு நிமிஷம் எனக்குள் என்ன இருந்தது என்று யாரிடமும் சொல்ல மாட்டேன், உன்னிடம் சொல்லவே மாட்டேன்.

களி அடிப்பிடித்த வாசத்துக்கு கோகிலா வந்தாள். போனை வாங்கிப் பார்த்தாள். அப்பா போன பிறகு அவர் பேரில் முப்பத்துநான்கு ஆட்டம் நடந்திருக்கிறது, எல்லாம் இளங்கோ மாமாவோடுதான், எல்லாவற்றிலும் அப்பா மூன்றாவது காயிலேயே தோல்வியை ஒத்துக்கொண்டிருக்கிறார் என்றாள். அவர் ரகசிய எண் அவள் பிறந்த தேதி. போட்டுக் கொடுத்தவன் நீ. ஒரு கையால் அவராகத் தோற்று, இன்னொரு கையால் நீயாக ஜெயித்திருக்கிறாய்.

பிணத்தின் விரலில் மோதிரம் கழற்றுகிறவன்கூட அது தங்கமா என்று பார்த்துத்தான் கழற்றுவான். நீ கழற்றியது ரேட்டிங் என்கிற எண்பத்திரண்டு நம்பர். அதை வைத்துக் கடையில் ஒரு டீ வாங்க முடியுமா? பக்கத்துக் காட்டு ராமாயியிடம் சொல்லி அழலாம் என்று போனேன். என் தம்பி என்ன திருடினான் என்று அவளுக்கு விளக்கவே முடியவில்லை. வெட்கப்பட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

உன் ரேட்டிங் நோய் எனக்குத் தெரியாததல்ல. பொங்கலுக்கு வந்தவன் ஒரே நாளில் ஒன்பது ஆட்டம் தோற்று, போனைச் சுவரில் எறிந்து, கறிச்சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாயே. ஆயிரத்து நானூறு தொடாவிட்டால் நீ எதற்கும் லாயக்கில்லை என்று மாமா தோளில் சாய்ந்து அழுதாய். முப்பத்தொரு வயசு ஆம்பளை. அவர் உன்னைத் தட்டிக்கொடுத்தார், நான் அடுப்படியில் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் செத்த அன்றைக்கும் அழுதாய். அது எந்த நம்பருக்கு என்று இப்போது யோசிக்கிறேன்.

அவரும் தோற்றவர்தான். எழுநூறில் தொடங்கி ஆயிரத்து நூற்று நாற்பது வர அவருக்கு மூன்று வருஷம் ஆனது. இரண்டு ஆட்டம் தோற்றால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். மறுநாள் விடியக்காலையில் தோற்ற ஆட்டத்தை முதலில் இருந்து ஓட்டிப் பார்த்து, தப்பு ஒன்றே ஒன்றைக் கண்டுபிடித்து என்னிடம் வந்து ஒப்பிப்பார். குதிரையைப் பார்க்காமல் ராணியைக் கொடுத்துவிட்டாராம். எனக்குக் குதிரையும் தெரியாது, ராணியும் தெரியாது. முதலில் கன்றுக்குட்டியை அவிழ்த்து விடுங்க என்பேன். ஆனால் அந்தத் தப்பை அவர் அந்த மாசத்தில் மறுபடி ஒப்பித்ததில்லை.

உன்னிடமும் சொன்னார். சேகோ மில்லில் நம் மரவள்ளிக் கிழங்குக்கு மாவு பாயிண்ட் குறைவு என்று விலையைக் குறைத்த மறுநாள் அது. "இதும் கிழங்கு மாதிரிதான் மாப்ளே. மில்லுக்காரனோட சண்டை போட்டா பாயிண்ட் ஏறாது. மண்ணுக்குள்ள கெடந்து முத்தோணும்" என்றார். தலையாட்டினாய். பிஞ்சில் பிடுங்கிய கிழங்கு மூட்டைக்குள் கல்லைப் போட்டுக் கட்டுகிற பயலுக்கு அது எங்கே ஏறப் போகிறது.

இனி அவர் பேரில் நீ நுழைய முடியாது. கோகிலா எண்ணை மாற்றிவிட்டாள். நீ எடுத்த எண்பத்திரண்டும் எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொண்டு கும்பிடு.

இன்னொன்றும் கோகிலா காட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் எழுதவே உட்கார்ந்தேன். அந்த முப்பத்துநான்குக்கும் முன்னால் ஒரு ஆட்டம் இருக்கிறது. ஒரு காய்க்கு மூன்று நாள் தவணை வைத்து நீங்கள் இரண்டு பேரும் ஆடியது. மரம் ஏறப் போன அன்று காலையில்கூட ஒரு காய் நகர்த்தியிருக்கிறார். நீ பதில் காய் வைத்தபோது அவரைக் கிடத்தியிருந்தார்கள் என்பது உனக்கு அப்போது தெரியாது. மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு நாங்கள் வீடு திரும்பிய நேரத்தில், அவருக்கு நேரம் முடிந்தது, நீ ஜெயித்தாய் என்று போன் தானாகவே எழுதிவிட்டது. அதை நீ செய்யவில்லை, தெரியும். அந்த ருசிதான் உன்னைக் கெடுத்தது என்றும் தெரியும்.

காய்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றனவாம். யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்ல முடியாதாம். நேரம் முடிந்தது என்று ஒரு மெஷின் சொன்னால் அவருக்கு முடிந்துவிடுமா? என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு எல்லோரும் மலைக்கு வருவார்கள். நீயும் பஸ் ஏறு. ஒரு பலகை வாங்கி வா. அந்தக் காய்களை அப்படியே அடுக்கலாம். அவர் பக்கம் கோகிலா உட்காருவாள், அவளுக்கு ஆடத் தெரியும். நீ எதிரே உட்கார். விட்டுக்கொடுக்காதே, அவசரப்படாதே, எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். ஜெயித்தால் ஜெயித்துக்கொள். தோற்றால் என் முன்னால் தோற்றுப்போய், கை கழுவிவிட்டு வந்து இலையில் உட்கார். அன்றைக்கு வைத்துவிட்டுப் போன சோற்றைப் போல விட்டுவிட்டு எழுந்திருக்கக் கூடாது.

உன் மேல் இருக்கிற கோபம் எனக்கு இந்த ஜென்மத்துக்குப் போதும். உடம்பைப் பார்த்துக்கொள். வந்துவிடு கண்ணு. அவர் நகர்த்த வேண்டிய முறை அது.

இப்படிக்கு
அக்கா
அம்சவேணி