உச்சியில் வைத்த எண்ணெய்

என் வழுக்கைத் தலை அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. கனடாவில், மார்க்கம் நகர வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உங்களுக்கு இருந்த பதற்றம் இப்போது எனக்கு வந்திருக்கிறது. கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அந்தச் சின்னப் போத்தல் நினைவிருக்கிறதா? கஞ்சாச் செடியில் எடுத்த சிபிடி எண்ணெய். போதை தராது, பதற்றத்துக்கு நல்லது என்று வேலையிடத்தில் ஒருவர் சொல்ல, வாங்கி வந்தேன். டொக்டரிடம் கேட்கவில்லை, லேபிளையும் வாசிக்கவில்லை. "எண்ணெய் எண்டால் உச்சியிலதான் வைக்கவேணும், தம்பி" என்று நீங்கள் தலையைக் குனிந்தீர்கள். ஒற்றை மயிர் இல்லாத அந்தத் தலையில் ஒவ்வொரு மாலையும் நாலு சொட்டு விட்டுத் தேய்த்தேன்.

"உது நல்லா வேலை செய்யுது. நெஞ்சு இப்ப அடங்கிக் கிடக்கு" என்றீர்கள். இரண்டு கிழமை கழித்து உங்கள் பேத்தி லேபிளை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, ஓ மை கோட், இது நாக்குக்குக் கீழ விடுறது!" உங்களுக்கு வந்ததே கோபம்! "அவளுக்கு என்ன தெரியும், நீ தேய்" என்றீர்கள். கடைசி வரை தேய்த்தேன்.

போன கிழமை மிச்சப் போத்தலோடு குசினி அடுப்படியில் தனியே நின்றேன். நாக்குக்குக் கீழே விடத் துணிவு வரவில்லை. அடுத்த நாள் டொக்டரிடம் போனேன். சிலருக்கு உதவுகிறதாம், உறுதியாகச் சொல்ல ஆராய்ச்சி இன்னும் போதாதாம். வேறு மருந்துகளோடு ஒத்துப்போகாமலும் விடுமாம். நீங்கள் எடுத்த இரத்தம் இளக்கும் குளிசை அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. லேபிளில் இருந்தபடி கொடுத்திருந்தால்? நல்ல வேளை, நீங்கள் பிடிவாதக்காரர்.

"அப்பாவுக்கு உதவினதோ?" என்று டொக்டர் கேட்டார். அவரும் நம்மவர்தான். "ஓம்" என்றேன். எது உதவியது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன். எண்ணெய் தேய்க்கத் தொடங்குமுன் உங்களோடு தினமும் பத்து நிமிடம் எப்போது இருந்தேன், அப்பா?

போத்தலை மருந்துக்கடையில் ஒப்படைத்துவிட்டேன். டொக்டர் எழுதித் தந்த உளவள ஆலோசகரிடம் கட்டாயம் போவேன். இன்று மாலை வீட்டில் எல்லாவற்றையும் சொல்வேன். குசினியில் நல்லெண்ணெய் இருக்கிறது. உங்கள் பேத்தி முன்னால் நானும் தலையைக் குனிந்து உட்காருவேன். சத்தியம்.

இன்னும் கொஞ்சம் தலைமயிர் மிச்சமிருக்கும்
உங்கள் மூத்த மகன்