உன் தங்கச்சிக்கு நீ சொன்ன பதில்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. எல்லாரும் நலம் என்று எழுதித்தான் கை பழகியிருக்கிறது, இன்றைக்கு அந்தப் பொய்யை எழுத மனசு வரவில்லை. கர்த்தர் எங்களை உயிரோடு வைத்திருக்கிறார், அதற்கு ஸ்தோத்திரம். நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாயிருக்க வேண்டும் என்று தினமும் கேட்கிறேன், உன்மேல் கோபம் பற்றிக்கொண்டு வருகிற இந்த வாரமும் கேட்டேன். போனில் பேசினால் நீ குறுக்கே பேசி என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், அதனால்தான் கடிதம்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில், துவைத்த பெட்ஷீட்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு எலும்பு முறிவு வார்டுக்குப் போனேன், என் வழக்கமான வேலைதான். ஜன்னலோரக் கட்டிலில் ஒருத்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஷீட் மாத்தணும், கொஞ்சம் எழுந்திரும்மா என்றேன், திரும்பினால் உன் தங்கச்சி. இடது கையில் மாவுக்கட்டு, உதடு வீங்கிக் கிடக்கிறது. நர்சிடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி வைத்திருக்கிறாள். என்னிடம் அந்தக் கதை எடுபடுமா? "இங்க வந்தா எப்படியும் நீ பாத்துடுவேன்னுதான் வந்தேம்மா" என்று அழுதாள். கல்யாணமான வருஷத்திலிருந்தே மாப்பிள்ளை அடிக்கிறாராம், ஆலயத்தில் முன்னால் நின்று கைதட்டிப் பாட்டு நடத்துகிற அதே கையால். ஏன்டி என்கிட்ட சொல்லல என்றதற்கு அவள் சொன்னாள், "அண்ணன்கிட்ட சொன்னேம்மா. கர்த்தரை நம்பிப் பொறுமையா இரு, அவர் மாத்துவார், அம்மாகிட்ட சொல்லி நெஞ்சு வலியை இழுத்து விட்டுடாதே, நான் ஜெபம் பண்றேன்னு சொன்னான்."

ஏன்டா, போன மாதம் உன் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது ஜெபமும் பண்ணினாய், செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு டாக்டரிடமும் ஓடினாய், நீயே சொல்லிச் சிரித்தாய். தங்கச்சிக்கு மட்டும் ஜெபம் போதுமா? கர்த்தர் உனக்கு வாய் கொடுக்கவில்லையா, எனக்கு ஒரு போன் போட விரல் கொடுக்கவில்லையா? நீ சொன்னதை அவள் கர்த்தரே சொன்னதாக எடுத்துக்கொண்டு அந்த வீட்டில் கிடந்திருக்கிறாள். உனக்கு வந்த சங்கடத்தை அவர் தலையில் கட்டிவிட்டு, அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைக்காதே.

நானும் அப்பாவும் அவளுடைய துணிமணிகளை எடுக்க மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆண்டவரே, நாக்கு குழறாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும் என்று கேட்டுக்கொண்டே மாடியேறினேன். மாப்பிள்ளை வாசலை அடைத்து நின்றுகொண்டு, "இது எங்க குடும்ப விஷயம், கர்த்தர் பாத்துப்பார் அத்தை" என்றார். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கார், அதான் என்னை அனுப்பியிருக்கார், நகரு" என்றேன். அந்தக் குரல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நகர்ந்துவிட்டான். அங்கிருந்து திரும்பி, அவளையும் கூட்டிக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டோம், அவளே கையெழுத்துப் போட்டாள். போதகர் ஐயா இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசலாம் என்றார், முதலில் எலும்பு கூடட்டும் ஐயா, அப்புறம் அவனை மட்டும் உட்கார வையுங்கள் என்றேன். அவனைப் பாட்டு நடத்துவதிலிருந்து நிறுத்திவிட்டார்.

இப்போது என் பக்கத்தில்தான் படுக்கிறாள். கதவு டமால் என்று சாத்தினால் பதறி எழுந்துவிடுகிறாள், அப்பா கதவிடுக்கில் ரப்பர் வைத்து ஒட்டியிருக்கிறார். கேஸ் எப்படிப் போகும், அவள் திரும்ப எப்போது சிரிப்பாள், ஒன்றும் எனக்குத் தெரியாது. காலையில் கர்த்தரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன், அப்புறம் அவளுக்குத் தலைவாரி விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். எனக்குத் தெரிந்த விசுவாசம் இவ்வளவுதான்.

குழந்தைக்குக் காதில் எண்ணெய் கிண்ணெய் எதையும் ஊற்றாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் வீட்டையும் உன் வேலையையும் காத்து, உன் மனசையும் கொஞ்சம் திறந்து வைப்பாராக. இந்தக் கடிதம் கிடைத்ததும் தங்கச்சிக்குப் போன் பண்ணு. வசனம் சொல்லாதே, தப்பு பண்ணிட்டேன் என்று சொல். அவள் எடுக்காவிட்டால் மறுபடியும் போடு. எடுக்கிறவரைக்கும் ஜெபம் பண்ணு, அந்த ஜெபத்துக்கு நானும் ஆமென் சொல்கிறேன்.

கோபம் இன்னும் ஆறாத,
உன் அம்மா